நான்கு துளைகள்

பூகன்வில் தீவின் தென்கோடியில் புயின் என்றொரு ஊர். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அலுமினியம் என்பது வானத்திலிருந்து விழுகிற ஒரு பொருள். கோழிக்குத் தண்ணீர் வைத்த தொட்டி, வத்தாளங்கிழங்கு அவித்த பானையின் மூடி, கிழவிகள் தலையில் செருகியிருந்த அகலமான சீப்பு, கூரையிலிருந்து மழைத்தண்ணீரைப் பீப்பாய்க்கு இறக்கிய பீலி எல்லாமே போர்க்கால விமானங்களின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்தவை. எங்கள் வீட்டுப் பீலியின் ஓரத்தில் ரிவெட் ஆணிகள் வரிசை குலையாமல் இருந்தன. மழை விட்ட பிறகும் ஒவ்வோர் ஆணித்தலையிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டு நிற்கும்.

அப்பா கணித ஆசிரியர். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒப்பந்தத்தில் பப்புவா நியூகினிப் பள்ளிக்கூடங்களுக்குப் போன மாஸ்டர்மாரில் ஒருவர். தீவின் நடு மலையில் பங்குனா செப்புச் சுரங்கம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. புயினில் அந்தச் சத்தம் கேட்காது. கேட்டதெல்லாம் மழை. விடியப்புறம் வெயிலெறித்து, மத்தியானம் கறுத்து, பின்னேரம் கொட்டும். அந்த மழையில் நாற்பது வருசம் கிடந்தும் விமானத் தகடுகள் உக்கிப்போகவில்லை என்பது எனக்கு அப்போது பெரிய அதிசயம்.

1942-ல் ஜப்பானியர் தீவைப் பிடித்துப் புயினுக்குப் பக்கத்தில் கஹிலியில் ஒரு விமானத்தளம் போட்டார்கள். அடுத்த ஆண்டு குவாடல்கனாலிலிருந்தும், பிறகு அதைவிடக் கிட்டவான தீவுகளிலிருந்தும் அமெரிக்க விமானங்கள் வந்து அதை ஓயாமல் அடித்தன. 1943 நவம்பர் 1-ஆம் திகதி அமெரிக்கர் மேற்குக் கரையில் டொரொக்கினாவில் இறங்கினார்கள். 1944-ன் கடைசியில் தரைச் சண்டையை ஆஸ்திரேலியர் பொறுப்பெடுத்தார்கள். நியூசிலாந்து விமானிகள் போர் முடியும்வரை அந்த வானத்தில் பறந்தார்கள். இத்தனை நாட்டு இளைஞர்களும் விழுந்த இடம் ஒரே காடு. மேலிருந்து பார்த்தால் எங்கும் ஒரே பச்சை. ஒரு விமானத்தை விழுங்கிய மறுநாளே அந்தப் பச்சை மூடிக்கொண்டுவிடும்.

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பார்க்கக் கேட்பது ஒரே ஒரு விமானத்தைத்தான்: அட்மிரல் யமமோட்டோவின் குண்டுவீச்சு விமானம். பேர்ள் ஹாபர் தாக்குதலைத் திட்டமிட்டவர் அவர். 1943 ஏப்ரல் 18 காலை, ஜப்பானியத் தளமான ரபாவுலிலிருந்து இரண்டு மிட்சுபிஷி விமானங்கள், ஆறு சீரோப் போர் விமானங்களின் துணையோடு, எங்கள் பக்கமாக வந்தன. அவருடைய பயண நேரம் நிமிடக்கணக்கில் எழுதப்பட்டிருந்த இரகசியத் தந்தியை அமெரிக்கர் நாலு நாளைக்கு முன்பே உடைத்துப் படித்திருந்தார்கள். பதினாறு பி-38 விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து எதிர்கொண்டன. வாலில் 323 என்ற எண் எழுதிய விமானம் அவரோடு காட்டுக்குள் விழுந்தது. மறுநாள் தேடிப்போன ஜப்பானியச் சிப்பாய்கள், விமானத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில், இருக்கையில் இருந்தபடியே, வெள்ளைக் கையுறை அணிந்த கையில் வாளைப் பிடித்தபடி அவரைக் கண்டார்கள். புயினிலேயே எரித்து, சாம்பலை முசாஷி என்ற போர்க்கப்பலில் ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நாங்களும் அங்கே போனோம். பாதை முழுக்கச் சேறும் அட்டையும். அப்பா முன்னால் நடந்து, "பிள்ளை, கையை வையாதை, தகடு வெட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எஞ்சின்கள், ஒரு சிறகு, கிழிந்த உடற்பகுதி. அதன் உட்புறத்தில் பளபளக்கும் நீலப்பச்சைப் பூச்சு. அரிப்பைத் தடுக்க ஜப்பானியத் தொழிற்சாலைகள் பூசியது அது. அமெரிக்க விமானங்களுக்குள்ளே மஞ்சளோடிய பச்சை இருக்கும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்தின் சயன்ஸ் மாஸ்டர், ஒரு நியூசிலாந்துக்காரர். சுரண்டிப் பார்த்து வண்ணத்தைக் கொண்டே எந்தக் கடலுக்கு அக்கரையில் செய்தது என்று சொல்லிவிடலாம் என்றார். அன்றைக்கு அங்கே வந்த எல்லாரும் சிறகோடு நின்று படமெடுத்தார்கள். அதே விமானத்தில் அட்மிரலோடு போன மற்றவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு நெருக்கமான விமானம் வேறு. பள்ளிக்கூடத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட முதியவர் ஒருவர் இருந்தார். எல்லாப் பிள்ளைகளும் அவரைப் 'புபு' என்று கூப்பிடுவோம். அங்கே தாத்தாவுக்குச் சொல்லும் சொல். அவருடைய குடிக்குரிய நிலத்தில், ஒரு ஓடைச் சரிவில், ஒரு விமானம் மூக்குக் குத்திக் கிடந்தது. அவருடைய அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. எங்களை அவர் கூட்டிப்போகச் சம்மதித்ததற்கு அம்மாதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரிவில் முதலில் கண்ணில் பட்டது சிறகின் ஒரு துண்டு. நேராக இல்லாமல் முழங்கை மடித்ததுபோல் கீழ்நோக்கி வளைந்து மேலே எழும்பியது. சயன்ஸ் மாஸ்டர் அங்கேயே நின்றுவிட்டார். "கோர்செயர்," என்றார். கப்பல் தளத்தில் இறங்கவென்று செய்த போர் விமானம் அது. பெரிய ப்ரொப்பெல்லர் தரையில் முட்டாமல் இருக்கவேண்டும், இறங்குசக்கரத்தின் காலும் கட்டையாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சிறகையே வளைத்துக் கட்டினார்கள். அந்த வளைவுதான் விமானத்தின் ஆகப் பலமான இடம். மற்றதெல்லாம் சிதறினாலும் அது மிஞ்சும்.

அதன்பிறகு அவர் செய்ததை நான் ஒரு பூசையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகட்டை நிமிர்த்தினார். துணியால் துடைத்தார். ஒரு தாளை அதன்மேல் விரித்து, பென்சிலைச் சரித்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து வெள்ளையாக எழுத்துகள் எழுந்துவந்தன: வி, எஸ், ஒரு கோடு, பிறகு எண்கள். வோட்-சிகோர்ஸ்கி தொழிற்சாலையின் உறுப்பு எண் அது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் இப்படி ஒரு முன்னெழுத்தோ முன்னெண்ணோ உண்டு. 32 என்று தொடங்கினால் லிபரேட்டர், 28 என்றால் கட்டலினா, 87 என்றால் பெரும்பாலும் பி-40. ஆள் உள்ளங்கையளவு துண்டைக் கையில் எடுத்து விமானத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்.

ஆனால் உறுப்பு எண் இனத்தை மட்டுமே சொல்லும். அதே எண் ஆயிரக்கணக்கான கோர்செயர்களில் இருக்கும். எஞ்சினை எண்ணிப் பார்த்தாலும் அப்படித்தான். இரண்டு வரிசையில் பதினெட்டு சிலிண்டர் என்றால் கோர்செயராக இருக்கலாம், ஹெல்காற்றாகவும் இருக்கலாம், பி-47 ஆகவும் இருக்கலாம். பதினாலு சிலிண்டர் என்றால் இன்னும் சிக்கல். அமெரிக்க லிபரேட்டருக்கும் பதினாலு, ஜப்பானியச் சீரோவுக்கும் பதினாலு. ஒரு குறிப்பிட்ட விமானம், அதில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஏறிய ஒரு குறிப்பிட்ட மனிதன் என்று வரவேண்டுமானால் விமானி அறைக்குள் அடித்திருக்கும் பெயர்த்தகடு வேண்டும். அல்லது வாலில் எழுதிய எண், எஞ்சின் எண், துப்பாக்கி எண் இவற்றில் ஒன்றாவது வேண்டும். அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு 1943 நடுப்பகுதியிலிருந்து, திரும்பி வராத ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அறிக்கை எழுதியது. அதில் ஏறியவர்களின் பெயர்களோடு எஞ்சின் எண்ணையும் ஒவ்வொரு இயந்திரத் துப்பாக்கியின் எண்ணையும் குறித்துவைத்தார்கள். காட்டில் ஒரு துப்பாக்கியின் எண் தெளிவாகக் கிடைத்தால், அதிலிருந்து ஒரு தாயின் விலாசம்வரை போகலாம்.

மாஸ்டர் விமானி அறையின் பக்கத்தைக் கண்டுபிடித்தார். பெயர்த்தகடு இருக்கவேண்டிய இடத்தில் நான்கு ரிவெட் துளைகள் இருந்தன. நடுவே, வெயிலும் மழையும் படாத நீள்சதுரத்தில் பூச்சு புதிதாகவே இருந்தது. யாரோ நெம்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அந்தக் காலத்தில் அங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டவர் சிலருடைய வீடுகளில் அப்படித் தகடுகளை நான் கண்டிருக்கிறேன். மெருகேற்றி, மரப்பலகையில் பதித்து, குடிவகை மேசைக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். எந்த ஓடைக்கரையில் எடுத்தது என்று கேட்டால் எடுத்தவருக்கே நினைவிருக்காது. இதைவிடக் கொடிய திருட்டு எனக்குத் தெரியாது. இறந்தவனின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாலும் அவன் யாரென்று வேறு வழியில் அறியலாம். அந்தத் தகட்டை எடுத்தவர், அந்த மனிதன் வீடு திரும்பும் பாதையையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போர்க்காலத்திலும் தகடுகளைச் சேகரித்தார்கள். ஆஸ்திரேலியாவில் இயங்கிய நேச நாட்டுத் தொழில்நுட்ப உளவுப் பிரிவு ஒன்று விழுந்த ஜப்பானிய விமானங்களின் தகடுகளைக் கொண்டுவரச் செய்து, தொழிற்சாலையும் திகதியும் படித்து, எதிரி எத்தனை விமானம் செய்கிறான் என்று கணக்கிட்டது. குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண்பெயர், போர் விமானங்களுக்கு ஆண்பெயர் என்று வைத்ததும் அந்தப் பிரிவிலிருந்த பிராங்க் மக்கோய் என்பவர்தான். யமமோட்டோ விழுந்த விமானவகைக்கு 'பெட்டி' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

மாஸ்டர் எங்களுக்கு இன்னொரு கதையும் சொன்னார். வட பசிபிக்கில், அலூசியன் தீவுக்கூட்டத்தில், அகுட்டான் என்றொரு தீவு; அதில் ஆளில்லாத ஒரு சதுப்பு வெளி. 1942 ஜூன் 4 அன்று எண்ணெய் ஒழுகிய ஒரு சீரோவை டடயோஷி கோகா என்ற விமானி அங்கே இறக்கப் பார்த்தார். புல்வெளி என்று நினைத்தது சேறு. சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகப் புரண்டது. கழுத்து முறிந்து இறந்தார். எதிரி கையில் அகப்படாதபடி விமானத்தைச் சுட்டு எரிப்பதுதான் கட்டளை. தோழர்களோ அவர் உயிரோடு இருக்கலாம் என்று எண்ணிச் சுடாமல் திரும்பினார்கள். ஜூலை 10 அன்று வழிதவறிய ஒரு கட்டலினா அந்தத் தீவுக்கு மேலாகப் பறந்து அதைக் கண்டது. அமெரிக்கர் அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய், திருத்தி, பறக்கவிட்டு, சீரோவின் பலவீனங்களை அறிந்துகொண்டார்கள். அந்த விமானத்தின் எண் 4593 என்பது போர் வரலாறு படிக்கிற எல்லாருக்கும் தெரியும். கோகாவைப் பக்கத்திலேயே புதைத்தார்கள். போர் முடிந்தபின் கல்லறைப் பிரிவினர் தோண்டி எடுத்து வேறு தீவுக்கு மாற்றினார்கள்; அங்கிருந்து 1953-ல், பெயர் தெரியாத மற்றவர்களோடு சேர்த்து, எலும்புகள் ஜப்பானுக்குப் போயின. இயந்திரத்துக்கு அடையாளம் நிலைத்தது. அதை ஓட்டிவந்தவர் பெயர் தெரியாதவர்களில் ஒருவராகிப் போனார்.

இனி அம்மாவின் விஷயம். கங்கு கடற்கரைக்கு அவ்வப்போது ஜப்பானியர் வருவார்கள். வயதானவர்கள், சில பெண்கள். காட்டிலிருந்து எலும்புகளைச் சேகரித்து, கடற்கரையில் விறகடுக்கி எரித்து, ஊதுவத்தி கொளுத்திக் கும்பிடுவார்கள். அதைக் கண்ட அன்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றா. "இஞ்ச பாருங்கோ, இவை அந்தியேட்டியெல்லோ செய்யினம்," என்று அப்பாவிடம் சொன்னா. புபு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்து, தன் நிலத்திலும் ஒரு விமானம் இருக்கிறது என்றார். முதல் தடவையாகச் சொன்னார். அம்மா கேட்டது இதுதான்: "அந்தப் பெடியன்ரை தாய் இன்னும் உயிரோட இருப்பாவோ?" அப்பா அதை அங்கத்தைய பொதுமொழியான டொக் பிசினில் மாற்றிச் சொன்னபோது புபு தலையைக் குனிந்துகொண்டார். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும்தான் கேட்டார்கள் என்றார்.

அன்று அவர் சொன்னவை எந்த அறிக்கையிலும் இல்லாதவை. காலைநேரம். கடல் பக்கமிருந்து வந்தது. புகை வாலிலிருந்து வரவில்லை, மூக்கிலிருந்து வந்தது. ஆள் குதிக்கவில்லை. விழுந்த பிறகு தீப்பிடிக்கவில்லை. தன் தகப்பனும் சிற்றப்பனும் இரவில், ஜப்பானியருக்குத் தெரியாமல், சரிவின் மேட்டில் எதையோ புதைத்துக் கல் அடுக்கினார்கள். சிறுவனான தன்னைக் கிட்ட விடவில்லை. இதையெல்லாம் மாஸ்டர் எழுதிக்கொண்டார். ப்ரொப்பெல்லரைப் பார்த்தபோது ஓரிதழ் மட்டும் பின்னால் மடிந்திருந்தது. ஓடுகிற எஞ்சினோடு மோதியிருந்தால் எல்லா இதழும் ஒன்றுபோல் வளைந்திருக்கும். எஞ்சின் வானத்திலேயே நின்றுவிட்டது என்பதுதான் அதன் பொருள். நாற்பது வருசத்துக்கு முந்திய ஒரு சிறுவனின் கண்ணும் மடிந்த உலோகமும் ஒரே கதையைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கோர்செயர் என்றால் இரண்டு நாட்டவராக இருக்கலாம் என்பது அடுத்த முடிச்சு. அமெரிக்க மரைன் படையும் ஓட்டியது, நியூசிலாந்தும் ஓட்டியது. நியூசிலாந்து விமானமானால் 5-ல் தொடங்கும் நாலிலக்க எண் இருக்கும். மாஸ்டரின் ஊரில் ஒரு பெரிய துக்கம் இருந்தது. 1945 ஜனவரி 15 அன்று, ரபாவுல் துறைமுகத்தில் விழுந்த ஒரு தோழனை எப்படியாவது காப்பாற்றவேண்டும் என்று நாள் முழுக்க வட்டமிட்டுவிட்டு, பொழுதுபட்டபின் கிரீன் தீவுக்குத் திரும்பிய நியூசிலாந்துக் கோர்செயர்களைப் புயல் பிடித்தது. ஏழு விமானிகள் அந்த ஒரே மாலையில் போனார்கள். நம்முடையது அந்த வழியில் இல்லை என்று தெரிந்தும், ஒவ்வொரு தகட்டையும் அவர் அந்த ஏழு பேரை நினைத்துக்கொண்டுதான் துடைத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு துண்டுத் தகட்டை மட்டும் நம்பிவிடக்கூடாது என்பதையும் அவரிடமே கற்றேன். போர்முனைத் தளங்களில் உதிரிப்பாகம் கிடைக்காது. உடைந்த ஒன்றின் சிறகைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டுவார்கள். சிறகில் ஓர் எண், உடம்பில் ஓர் எண் இருக்கும். போதாததற்கு ஊரார் நல்ல தகடுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் அவர் எங்கள் பீலியைக்கூட ஏணி வைத்து ஏறிப் படித்தார்.

பல்லாலே தீவுக்குப் படகில் போனது அந்த நாட்களில்தான். எல்லைக்கு அப்பால், சொலமன் தீவுகளுக்குரியது. யமமோட்டோ அன்று இறங்கவிருந்த இடம். விமான ஓடுபாதையைச் சுற்றிப் புதருக்குள் 'பெட்டி' விமானங்கள் வயிறு கிழிந்து கிடந்தன. அவை தரையில் நின்றபடி குண்டுபட்டவை. நல்ல நிலையிலிருந்த சீரோக்களை 1960களின் இறுதியிலேயே கனடாக்காரர் ஒருவர் எடுத்துப்போயிருந்தார். அந்த ஓடுபாதையில் உழைக்கவைக்கச் சிங்கப்பூரில் பிடித்த 517 பிரித்தானியப் பீரங்கிப்படைக் கைதிகளை ஜப்பானியர் கொண்டுவந்தார்கள். ஒருவரும் மீளவில்லை. போருக்குப்பின் ஆஸ்திரேலியர் 436 உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். அப்பா ஓடுபாதையின் பவளக்கல்லில் நடக்க மறுத்து ஓரமாகவே நடந்தார்.

மாஸ்டர் வாஷிங்டனுக்கும் வெலிங்டனுக்கும் கடிதம் எழுதினார். பதில் வர மாதக்கணக்கு. வந்த பதில்களில் ஒரு பட்டியல் இருந்தது: கஹிலியைச் சுற்றிக் காணாமற்போன கோர்செயர்கள், விமானிகளின் பெயர், கடைசியாகக் கண்ட இடம். புபு சொன்னதை வைத்து அதில் சில பெயர்களை அவர் அடித்தார். மிச்சமானவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கின. அதற்குள், 1988-ன் கடைசியில், சுரங்கத்தை எதிர்த்தவர்கள் அதில் வெடி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1989 மே மாதம் பங்குனா மூடப்பட்டது. நாங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினோம். யாழ்ப்பாணத்தில் ஒரு சண்டையை விட்டு வந்தவர்கள் இங்கே இன்னொன்றை விட்டுப் போனோம். தீவு முற்றுகைக்குள் வந்தபின், கிளர்ச்சிப்படையினர் காட்டிலிருந்த விமானத் துப்பாக்கிகளைக் கழற்றித் திருத்திச் சுட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, அந்தத் துப்பாக்கிகளின் எண்களை யார் எழுதிவைத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. 2001-ல் அமைதி ஒப்பந்தம் வந்தது. மாஸ்டரும் புபுவும் இப்போது இல்லை. அம்மா கேட்ட அந்தத் தாயும் இருக்க வழியில்லை. ஆனால் அமெரிக்கா மட்டும் அந்தப் போரில் 70,000-க்கும் மேற்பட்டோரை இன்னும் தேடவேண்டியவர்களின் கணக்கில் வைத்திருக்கிறது. அவர்களுடைய சகோதரிகளின் பேரப்பிள்ளைகள் மரபணுச் சோதனைக்கு உமிழ்நீர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாஸ்டரின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. புபுவின் பேரனை இப்போது தொலைபேசியில் பிடிக்க முடிகிறது. நிலம் அவர்களிடம்தான், மேட்டுக் கற்களைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்பதும் அப்படியே இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஓடை வழிமாறிச் சரிவை அரித்ததில், எங்கள் காலத்தில் சேற்றுக்குள் புதைந்திருந்த எஞ்சினின் மூக்கு வெளியே வந்திருக்கிறது. அதில் சின்னதாக ஒரு தகடு, நான்கு ஆணியும் இருக்கின்றன என்றார். எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசி இலக்கத்தில் தடுமாறினார். மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம் என்றார். தகட்டைக் கழற்ற வேண்டாம், படம் எடுங்கள், பிறகு பல் விளக்குகிற பிரஷ்ஷும் தண்ணீரும் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள் என்று சொன்னேன். மழை ஓய்ந்ததும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.